மெனு வழி உடைந்து தெரிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மென்பொருள் கையேட்டை யாரும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. ஏதோ ஒன்று நடக்கவில்லை என்று வருவார்கள். "கோப்பு > ஏற்றுமதி > பிடிஎஃப்" என்று தடித்த எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கண் தேடும். அது கிடைத்தால் கை மவுஸுக்குப் போய்விடும். அந்த ஒரு வரி உடைந்திருந்தால், சுற்றி எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

தமிழில் இந்த வரி உடைவதற்கு ஆங்கிலத்தில் இல்லாத சில காரணங்களும் உண்டு. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். எழுத்துருவில் அம்புக்குறி இருக்காது. வாசகரின் திரையில் மெனு ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் பக்கத்தில் என்ன தெரிகிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. கட்டளைப் பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். ஃபைலில் இடும்போது ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.

## அறிகுறி: அம்புக்குறி இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஓர் எழுத்து

வேர்டில் பார்த்தபோது அழகான அம்பு. அதை இணையப் பக்கத்திலோ மின்னஞ்சலிலோ ஒட்டியதும், தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு "ஏ" மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

வேர்டின் ஆட்டோகரெக்ட் செய்கிற வேலை இது. நீங்கள் `-->` என்று தட்டியதும் அது அம்பாக மாற்றிவிடும். ஆனால் அந்த அம்பு யூனிக்கோடு அம்பு இல்லை, விங்டிங்ஸ் எழுத்துருவில் இருக்கும் ஒரு படம். விங்டிங்ஸ் இல்லாத இடத்துக்குப் போனதும் வேடம் கலைந்து, உள்ளே இருந்த எழுத்து வெளியே வருகிறது. `==>` என்று தட்டினால் வரும் தடித்த அம்புக்கும் இதே கதி.

ஏற்கெனவே கெட்டுப்போன ஆவணத்தில் அந்த எழுத்தைத் தேடி மாற்றிவிடுங்கள். பிரெஞ்சுச் சொல் எதுவும் ஆவணத்தில் இல்லையென்றால் மொத்தமாகவே மாற்றலாம். இனிமேல் வராமலிருக்க ஆப்ஷன்ஸில் புரூஃபிங் பகுதிக்குப் போய், ஆட்டோகரெக்ட் பட்டியலிலிருந்து அந்த இரண்டு வரிகளையும் நீக்குங்கள். அம்புதான் வேண்டும் என்றால் 2192 என்று தட்டி ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள், அசல் யூனிக்கோடு அம்பு வரும்.

அம்பே வேண்டாம், > போதும் என்பது என் கட்சி. மைக்ரோசாஃப்ட்டின் எழுத்து நடைக் கையேடும் கூகுளின் டெவலப்பர் ஆவண நடைக் கையேடும் அதையேதான் சொல்கின்றன. மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி போய், குறிக்கு இருபுறமும் ஓர் இடைவெளி விடு, குறியைத் தடிப்பாக்காதே என்கிறது. லேபிள் மட்டும் தடிப்பாக இருந்தால் எது மெனுவின் பெயர், எது நாம் போட்ட குறி என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியும். சின்ன விஷயம்தான், ஆனால் இருபது பக்கத்துக்கு மேல் போகும் கையேட்டில் இதன் அருமை தெரியும்.

## அறிகுறி: வழியின் பின்பாதி மேற்கோள் பெட்டிக்குள் போய்விட்டது

மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருவது. மூல ஃபைலைத் திறந்து பாருங்கள், இப்படி இருக்கும்:

```
வரைபடத்தைச் சேமிக்க கோப்பு > ஏற்றுமதி
> பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
```

இரண்டாவது வரி > குறியில் தொடங்குகிறது. மார்க்டவுனுக்கு அது மேற்கோள் தொடக்கம். முந்தைய பத்தி முடியவில்லையே என்றெல்லாம் அது பார்க்காது. நடுவில் வெட்டிக்கொண்டு மேற்கோளைத் தொடங்கிவிடும். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்றே இப்படி எழுதுவதில்லை. எண்பது எழுத்தில் வரியை மடிக்கும்படி எடிட்டரில் அமைத்திருப்பார்கள், அது மடிக்கிற இடத்தில் > வந்து மாட்டிக்கொள்ளும். அதனால்தான் நேற்றுவரை சரியாக இருந்த பத்தி, முன்னால் ஒரு சொல் சேர்த்ததும் திடீரென்று உடைகிறது.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதும் பழக்கத்துக்கு மாறிவிட்டால் தீர்ந்தது. அது முடியாத திட்டங்களில் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள்: `\>`.

## அறிகுறி: நட்சத்திரங்களும் ரோல் பெயர்களும் பக்கத்தில் அப்படியே தெரிகின்றன

தமிழில் ஆவணம் எழுதுகிற எல்லாருக்கும் ஒருநாள் வந்தே தீரும் தொல்லை இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

```
**ஏற்றுமதி…**ஐ அழுத்தவும்.
```

இதை காமன்மார்க் என்ற மார்க்டவுன் தரவரையறைப்படி இயங்கும் எந்தக் கருவியில் போட்டாலும் தடித்த எழுத்து வராது, நட்சத்திரம்தான் வரும். ஆனால் `**சேமி**யை` என்று போட்டால் ஒழுங்காக வரும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

மூடும் நட்சத்திரத்துக்கு இருபுறமும் என்ன இருக்கிறது என்று காமன்மார்க் பார்க்கும். முன்னால் எழுத்து இருந்தால் பின்னால் எது வந்தாலும் கவலையில்லை. முன்னால் நிறுத்தற்குறி இருந்தாலோ, பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தற்குறியோ வந்தால்தான் அதை மூடும் குறியாக ஏற்கும். நம் எடுத்துக்காட்டில் முன்னால் மூன்று புள்ளி, பின்னால் "ஐ". ஏற்காது. அடைப்புக்குறியில் முடியும் லேபிள்களுக்கும் இதே சிக்கல். ஆங்கிலத்தில் லேபிளுக்குப் பிறகு எப்போதும் இடைவெளி வந்துவிடும், அதனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை.

நட்சத்திரத்துக்குப் பதிலாக அடிக்கோடு போட்டுத் தடிப்பாக்குகிறவர்களுக்கு இன்னும் மோசம். `__சேமி__யை` என்பதும் உடையும், ஏனென்றால் சொல்லின் நடுவே வரும் அடிக்கோட்டை மார்க்டவுன் குறியாகவே மதிக்காது.

ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதன் அண்ணன் வரும். கியூஜிஐஎஸ், பிளெண்டர் இரண்டின் கையேடுகளும் ஸ்ஃபிங்க்ஸில்தான் எழுதப்படுகின்றன. அங்கே மெனு வழிக்கு மெனுசெலக்‌ஷன் என்று ஒரு ரோல் (இந்தச் சொற்கள் என்ன வகை என்று கருவிக்குச் சொல்லும் குறியீடு) இருக்கிறது. பின்னோக்கு மேற்கோள் குறிகளுக்குள் வழியை எழுத வேண்டும். மூடும் குறியை அடுத்து இடைவெளியோ நிறுத்தற்குறியோ வராமல் "ஐ", "இல்", "க்கு" என்று ஏதாவது ஒட்டியிருந்தால் ரோல் தொடங்கியது, முடியவே இல்லை என்று கருவி நினைத்துக்கொள்ளும். பக்கத்தில் மூலக் குறியீடு அப்படியே வரும். தொடக்கக் குறி இருக்கிறது, முடிவுக் குறியைக் காணோம் என்ற பொருளில் பில்டு லாக்கில் (பக்கங்களை உருவாக்கும்போது கருவி எழுதிவைக்கும் பதிவில்) ஓர் எச்சரிக்கை இருக்கும். அந்த லாக்கைத்தான் நாம் பார்ப்பதில்லையே.

அவசரத்துக்கு: ஸ்ஃபிங்க்ஸில் மூடும் குறிக்கும் உருபுக்கும் இடையே பின்சாய்கோடும் ஓர் இடைவெளியும் இடுங்கள். கருவி அதைப் பிரிவாக எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் இடைவெளி தெரியாது.

நிரந்தரமாக: லேபிளில் உருபை ஒட்டவே ஒட்டாதீர்கள். "சேமி என்பதை அழுத்தவும்", "கருவிகள் மெனுவில்", "அச்சிடு பொத்தானை". என்பதை, மெனுவில், பொத்தானை, தாவலில் என்று ஒரு சுமைதாங்கிச் சொல் நின்று உருபை வாங்கிக்கொள்ளட்டும். கருவிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. "கருவிகளில் விருப்பங்களைத் தேர்ந்தெடுக்கவும்" என்று எழுதினால் திரையில் "கருவிகள்" என்று தேடுகிற கண்ணுக்கு "கருவிகளில்" என்ற வடிவம் வேறு சொல். லேபிள் திரையில் எப்படி இருக்கிறதோ, ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல் தாளிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒற்று மிகுவதுகூட சுமைதாங்கிச் சொல்லில் மிகட்டும், லேபிளில் வேண்டாம்.

"என்பதை" பக்கத்துக்குப் பக்கம் வருவது சலிப்பாக இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. கையேட்டில் சலிப்பு குற்றமில்லை.

## அறிகுறி: ஒரு பக்கத்தில் முக்கோணம், இன்னொரு பக்கத்தில் கோடு, வேறொன்றில் கூட்டல் குறி

ஒரே கையேட்டில் பிரிகுறி ஆளுக்கொரு விதமாக இருந்தால், யாரோ கையால் தட்டியிருக்கிறார்கள் அல்லது தவறான டேக் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். எந்தக் கருவி என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

ஸ்ஃபிங்க்ஸில் மெனுசெலக்‌ஷன் ரோலுக்குள் `-->` என்று மூன்று எழுத்தாகத் தட்டினால் மட்டுமே அது முக்கோணமாகும். `->` என்றோ > என்றோ தட்டினால் தட்டியது தட்டியபடியே வரும். மொழிபெயர்ப்பில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர் ஆங்கில வரியில் உள்ள இரண்டு கோடுகளில் ஒன்றைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து எடுத்துவிடுவார். மேக் கணினியில் ஸ்மார்ட் டாஷ் இயங்கிக்கொண்டிருந்தால் `--` தானாகவே ஒரு நீளக் கோடாக மாறிவிடும். அதன்பின் ஸ்ஃபிங்க்ஸுக்கு அது அடையாளம் தெரியாது. ரோலே போடாமல் வெறும் வாக்கியத்தில் `-->` தட்டியிருந்தாலும் ஸ்ஃபிங்க்ஸின் சொந்த ஸ்மார்ட் கோட்ஸ் வசதி இரண்டு கோடுகளையும் ஒன்றாக்கி "–>" என்று வைத்துவிடும். மொத்த ஃபைல்களிலும் "–>" என்று தேடுங்கள், குற்றவாளிகள் எல்லாரும் ஒரே வலையில் வருவார்கள்.

அதே ரோலில் இன்னொரு வேடிக்கை. லேபிளில் & குறியை அடுத்து இடைவெளியின்றி எழுத்து வந்தால், அதைக் குறுக்குவிசைக் குறியாக எடுத்துக்கொண்டு & குறியை விழுங்கிவிடும், அடுத்த எழுத்துக்கு அடிக்கோடு போடும். "படம்&ஒலி" என்ற மெனு "படம்ஒலி" ஆகிவிட்டால் காரணம் இதுதான். `&&` என்று இரட்டிப்பாக எழுதுங்கள்.

ஆஸ்கிடாக்டரில் மெனு மேக்ரோ பக்கத்தில் பச்சையாகத் தெரிந்தால், ஆவணத்தின் தலைப்பில் எக்ஸ்பெரிமென்டல் என்ற பண்பை இயக்கவில்லை. அது இல்லாமல் மேக்ரோ வேலை செய்யாது. சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

டாக்புக்கில் கூட்டல் குறி வந்தால்? மெனுசாய்ஸ் டேகுக்குள் முதல் உறுப்பைத் தவிர மற்றவை குயிமெனுஐட்டம் அல்லது குயிசப்மெனு என்று இருக்க வேண்டும். அப்போதுதான் இடையில் அம்பு போடும். குயிலேபிள், குயிபட்டன் என்று வேறு ஏதாவது போட்டிருந்தால், விசைச் சேர்க்கை போல எடுத்துக்கொண்டு நடுவில் + போட்டுவிடும். டேகை மாற்றினால் சரி.

பக்கத்தில் ஆம்பர்சண்டும் "ஜிடி"யும் அரைப்புள்ளியும் தெரிந்தால் > குறி இரண்டு முறை மாற்றியெழுதப்பட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பிஓ ஃபைலில் (ஆங்கில வரிகளும் அவற்றின் மொழிபெயர்ப்பும் இருக்கும் ஃபைல்) எச்டிஎம்எல் குறியீடாகவே தட்டியிருப்பார், வெளியிடும் கருவி அதை இன்னொரு முறை மாற்றியிருக்கும். மூலத்தில் வெறும் > போதும்.

இந்தக் குழப்பம் அத்தனைக்கும் ஒரே வேர்தான்: பிரிகுறியை மனிதர் தட்டுவது. மெனுசெலக்‌ஷன், மெனுசாய்ஸ், டிட்டாவில் மெனுகேஸ்கேட், குனோம் கையேடுகளின் மேலார்டில் குயிசீக் என்று ஒவ்வொரு கருவியிலும் இதற்கென்று டேக் வைத்திருக்கிறார்கள். "இது மெனு வழி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்பா முக்கோணமா என்ற முடிவை ஸ்டைல்ஷீட்டிடம் விட்டுவிடுங்கள். பின்னாளில் குறியை மாற்ற வேண்டுமென்றால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

## அறிகுறி: இணையத்தில் சரி, பிடிஎஃப்பில் குறியே இல்லை

உலாவி கெட்டிக்காரத்தனமானது. தமிழ் எழுத்துருவில் முக்கோணம் இல்லையென்றால் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போட்டுவிடும். பிடிஎஃப் உருவாக்கும் ஸீலேடெக் கருவி அப்படிச் செய்யாது. கொடுத்த எழுத்துருவில் இல்லாத குறியை விட்டுவிட்டு, லாக்கில் "மிஸ்ஸிங் கேரக்டர்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பில்டு வெற்றி என்றே காட்டும். அச்சுக்குப் போன பிறகுதான் "கோப்பு ஏற்றுமதி பிடிஎஃப்" என்று மூன்று சொல்லும் ஒட்டி நிற்பது தெரியும்.

லாக்கில் அந்த வரியைத் தேடுங்கள். எந்தக் குறி விடுபட்டது என்று தெரிந்ததும் நியூயூனிகோட்கேர் என்ற பேக்கேஜைக் கொண்டு அந்த ஒரு குறிக்கு மட்டும் வேறு எழுத்துருவைக் காட்டிவிடலாம். ஸ்ஃபிங்க்ஸின் வழக்கமான பிடிஎஃப்லேடெக் எஞ்சின் தமிழுக்கு உதவாது. அதை ஸீலேடெக்காகவோ லுவாலேடெக்காகவோ மாற்றிய பிறகே இந்தப் பேச்சு.

## அறிகுறி: வரி குறியில் தொடங்குகிறது

கைபேசியில் பார்த்தால் புதிய வரி "> பிடிஎஃப்" என்று தொடங்கும். வாசகர் அதைப் பட்டியல் குறி என்று நினைத்துக்கொள்வார். குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் பிரியா இடைவெளியாக்குங்கள், பின்னால் சாதாரண இடைவெளி இருக்கட்டும். அப்போது வரி எப்போதும் குறிக்குப் பிறகே மடியும், "இன்னும் இருக்கிறது" என்று அந்தக் குறியே சொல்லிவிடும். ஆஸ்கிடாக்டர் உருவாக்கும் எச்டிஎம்எல்லைத் திறந்து பார்த்தால் சரியாக இதைத்தான் செய்திருக்கும். வேர்டிலும் லிப்ரெஓஃபிஸ் ரைட்டரிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிரியா இடைவெளி வரும்.

வழி முழுவதையும் மடியாமல் பூட்டிவிடாதீர்கள். தமிழ் லேபிள்கள் நீளமானவை, கைபேசித் திரையை விட்டு வெளியே ஓடிவிடும்.

## அறிகுறி: ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறவருக்குப் புரியவில்லை

"கோப்பு கிரேட்டர் ஏற்றுமதி கிரேட்டர் பிடிஎஃப்" என்று கேட்டால் என்ன புரியும்? நிறுத்தற்குறிகளைப் படிக்காதே என்று அமைத்திருந்தால் அதுவும் இல்லாமல் மூன்று பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து ஓடும்.

கூகுள் நடைக் கையேடு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: > குறியை ஸ்பான் டேகில் வைத்து, ஏரியா-லேபிளாக "பிறகு" என்ற பொருள் தரும் சொல்லைக் கொடுப்பது. நல்ல யோசனைதான். ஆனால் இணைய அணுகல்தன்மைக்கான ஏரியா 1.2 தரவரையறை ரோல் இல்லாத வெறும் ஸ்பானுக்குப் பெயர் சூட்டக் கூடாது என்கிறது, சில ஸ்கிரீன் ரீடர்கள் அந்த லேபிளைக் கண்டுகொள்வதில்லை. குறியை ஏரியா-ஹிடன் மூலம் மறைத்துவிட்டு, பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத, காதுக்கு மட்டும் கேட்கிற "பிறகு" என்ற சொல்லை வைப்பது பாதுகாப்பு. பிரிகுறியைக் கருவியிடம் விட்டிருந்தால் இந்த மாற்றத்தை ஒரே டெம்ப்ளேட்டில் செய்துவிடலாம்.

தமிழ்ப் பக்கத்தில் ஆங்கில லேபிள்கள் வந்தால், அவற்றைச் சுற்றி மொழி ஆங்கிலம் என்று லாங் பண்பில் குறியுங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரோடு வரும் ஈஸ்பீக் பேச்சுக் கருவியில் தமிழும் உண்டு, ஆங்கிலமும் உண்டு. எங்கே குரல் மாற வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

"வலது மேல் மூலையில் உள்ள பொத்தான்" என்று மட்டும் எழுதி விட்டுவிடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடமோ வடிவமோ மட்டுமே அடையாளமாக இருக்கக் கூடாது என்பது டபிள்யூகேக் என்ற இணைய அணுகல்தன்மை விதிகளில் ஒன்று. மூன்று கோடு மெனு என்றால் அதற்கு உள்ளே ஒரு பெயர் இருக்கும்; மவுஸை அதன்மேல் வைத்தால் தெரியும். அந்தப் பெயரையும் எழுதுங்கள்.

## அறிகுறி: "கோப்பு" என்று தேடினால் பாதிப் பக்கங்கள்தான் கிடைக்கின்றன

கண்ணுக்கு இரண்டு "கோப்பு"ம் ஒன்றுதான். கணினிக்கு இல்லை. "ோ" என்ற உயிர்க்குறியை யூனிக்கோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், "ே", "ா" என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய தட்டச்சு முறைகளும் சில எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது வகையைத் தருகின்றன. யூனிக்கோடு விதிப்படி இரண்டும் சமம், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடல் கருவிகள் அதைக் கருதுவதில்லை. மெனுக்களில் மிக அதிகமாக வரும் சொல்லிலேயே இந்த எழுத்து இருப்பது நம் தலைவிதி. "தொகு", "தோற்றம்" இரண்டும் இதே வகைதான்.

எல்லா மூல ஃபைல்களையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிக்கோடு வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா நூலகத்தைக் கொண்டு சில வரிகளில் முடியும். சொல் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் வைத்திருந்தால், இதைச் செய்யும்வரை அது பொய்ப் புகார் சொல்லிக்கொண்டே இருக்கும்.

## அறிகுறி: "அண்ணா, நீங்க சொன்ன மெனு என் கம்ப்யூட்டர்ல இல்லையே"

குறி சரி, தடிப்பு சரி, பில்டு சுத்தம். ஆனால் வாசகரின் திரையில் அந்த மெனு இல்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம் வரும், கண்டுபிடிக்கவும் நேரமாகும். இந்த வரிசையில் விசாரியுங்கள்.

மொழியிலிருந்து தொடங்குங்கள். கையேடு தமிழில், மென்பொருள் ஆங்கிலத்தில் என்பது நம் ஊரில் சர்வசாதாரணம். தமிழ் இடைமுகமே இல்லாத மென்பொருளுக்கு "கருவிகள் > விருப்பங்கள்" என்று எழுதுவது, இல்லாத தெருவுக்கு வழி சொல்வது. அங்கே லேபிளை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் தமிழில் எழுதுங்கள். தமிழ் இடைமுகம் இருக்கிறது, ஆனால் பாதிப்பேர் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு வழியையும் முதல்முறை சொல்லும்போது இரண்டையும் கொடுங்கள்.

தமிழ் இடைமுகம் இருந்தால் லேபிளை உங்கள் மனத்திலிருந்து மொழிபெயர்க்காதீர்கள். ஒரு மென்பொருளில் "திருத்து", இன்னொன்றில் "தொகு". ஒன்றில் "பார்வை", இன்னொன்றில் "காட்சி". "அமைப்புகள்", "அமைவுகள்", "விருப்பங்கள்", "தேர்வுகள்" என்று நாலும் உலவுகின்றன. எது நல்ல தமிழ் என்று அங்கே போய் வாதாட இடமில்லை. திரையில் என்ன இருக்கிறதோ அதுதான் சரி. இடைமுகத்தின் பிஓ ஃபைலைத் திறந்து ஆங்கில வரியைத் தேடி, அதன் தமிழை எடுங்கள். லிப்ரெஓஃபிஸின் வெப்லேட் மொழிபெயர்ப்புத் தளத்தில் இடைமுகமும் உதவிப் பக்கங்களும் தனித்தனித் திட்டங்களாக இருக்கின்றன. ஒருவர் இடைமுகத்தில் சொல்லை மாற்றினால் உதவிப் பக்கத்தில் பழைய சொல் அப்படியே கிடக்கும். இரண்டையும் ஒருவரே கவனிக்காத எந்தத் திட்டத்திலும் இந்த விலகல் வரும்.

பிஓ ஃபைலிலிருந்து எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. குறுக்குவிசைக் குறியும் சேர்ந்து வந்துவிடும். ஜிடிகே என்ற இடைமுக நூலகத்தில் எழுதிய மென்பொருள்களில் அது அடிக்கோடு, க்யூட்டி என்ற நூலகத்தில் &, லிப்ரெஓஃபிஸில் அலைக்கோடு. தமிழ் மொழிபெயர்ப்புகளில் லேபிளின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் அடிக்கோடும் ஓர் ஆங்கில எழுத்துமாக ஒட்டியிருப்பதும் உண்டு. அதையெல்லாம் கழற்றிவிட்டு ஒட்டுங்கள்.

மொழி சரியாக இருந்தால் அடுத்தது இயங்குதளம். விண்டோஸிலும் லினக்ஸிலும் லிப்ரெஓஃபிஸ் அமைப்புகள் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் என்று இருக்கும். மேக்கில் அது டூல்ஸில் இல்லை. திரையின் மேலே ஆப்பிள் படத்துக்கு அடுத்து, மென்பொருளின் பெயரிலேயே உள்ள மெனுவுக்குள் இருக்கும். அதன் பெயரும் அங்கே நிலையாக இல்லை: 2022இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவில் ஆப்பிள் "பிரிஃபரன்ஸஸ்" என்ற பழைய பெயரை "செட்டிங்ஸ்" ஆக்கியது. விஎஸ் கோடில் ஃபைல் > பிரிஃபரன்ஸஸ் > செட்டிங்ஸ் என்பது மேக்கில் கோட் > செட்டிங்ஸ் > செட்டிங்ஸ் என்று வரும். இப்படிப்பட்ட இடங்களில் வாக்கியத்துக்குள் அடைப்புக்குறி போட்டு நெருக்காமல், தளத்துக்கு ஒரு வரியாகப் பிரித்து எழுதுங்கள். லிப்ரெஓஃபிஸ் உதவிப் பக்கங்கள் வாசகரின் தளத்தைப் பார்த்து உரிய வழியை மட்டும் காட்டும்படி மூலத்திலேயே ஸ்விட்ச் வைத்திருக்கின்றன. உங்கள் கருவியில் அந்த வசதி இருந்தால் அதுவே மேல்.

பிறகு இடைமுகத்தின் தோற்றம். 2007ஆம் ஆண்டு பதிப்பில் வேர்ட் மெனுவை எடுத்துவிட்டு ரிப்பனைக் கொண்டுவந்தது. அதற்கு "மெனு" என்று எழுதினால் புதியவர் மெனுவைத் தேடுவார், "தாவல்" என்று எழுதுங்கள். லிப்ரெஓஃபிஸிலும் தாவல் வடிவ இடைமுகத்தை ஒருவர் தேர்ந்தெடுத்திருந்தால் வழக்கமான மெனு வரிசை மறைந்திருக்கும். விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸின் மெனுப் பட்டை இயல்பாகவே மறைந்திருக்கும், ஆல்ட் அழுத்தினால்தான் தலைகாட்டும். 2019 மார்ச்சில் வந்த குனோம் 3.32இல் மேல்பட்டையில் இருந்த செயலி மெனுவையே கைவிட்டுவிட்டார்கள், அதற்கு முன் எழுதிய கையேடுகளின் முதல் படியே தவறாகிப்போனது. அதனால் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்பதைப் பக்கத்தின் மேலேயே எழுதிவையுங்கள்.

இவ்வளவும் பொருந்தி, மெனு இருந்தும் மங்கலாக இருக்கிறது என்றால், முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை நீங்கள் எழுதவில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், அல்லது அட்டவணைக்குள் கர்சர் இருக்க வேண்டும். அதை வழிக்குப் பிறகு குறிப்பாகச் சொல்லாமல், வழிக்கு முந்தைய படியாகச் சொல்லுங்கள்.

## அறிகுறி: மெனு கிடைக்கிறது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்

இப்படி ஒரு வரி:

```
கருவிகள் > விருப்பங்கள் > மொழி அமைப்புகள் > மொழிகள் > ஆசிய மொழிகள் > இயக்கு என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கவும்.
```

ஆறு பெயர்கள், ஐந்து குறிகள், கடைசியில் ஒரு வினைச்சொல். முதல் இரண்டு மெனு. மூன்றாவதும் நான்காவதும் திறந்த பெட்டியின் இடப்பக்கப் பட்டியல். ஐந்தாவது வெறும் தலைப்பு, சொடுக்கவே முடியாது. ஆறாவது தேர்வுப்பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே குறி. ஐந்தாவதைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

இன்னொன்று, தமிழில் வினை கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் "தேர்ந்தெடு" என்று முதலிலேயே சொல்லிவிட்டு வழியைக் கொடுக்கலாம். தமிழில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது ஆறு பெயர்களைக் கடந்த பிறகுதான் தெரியும். அதனால் தமிழ்க் கையேட்டில் வழி இன்னும் குட்டையாக இருக்க வேண்டும். மெனு முடிந்து பெட்டி திறக்கிற இடத்தில் வெட்டுங்கள்:

```
1. கருவிகள் > விருப்பங்கள் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். விருப்பங்கள் பெட்டி திறக்கும்.
2. இடப்பக்கப் பட்டியலில் மொழி அமைப்புகள் > மொழிகள் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
3. ஆசிய மொழிகள் என்ற தலைப்பின்கீழ், இயக்கு என்ற பெட்டியில் குறியிடவும்.
4. சரி பொத்தானை அழுத்தவும்.
```

"பெட்டி திறக்கும்" என்ற சின்ன வாக்கியத்தை வெட்டச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. விட்டுக்கொடுக்காதீர்கள். தான் சரியான இடத்தில்தான் இருக்கிறோம் என்று வாசகருக்குத் தெரியும் ஒரே இடம் அது.

வினையையும் உறுப்புக்கேற்ப மாற்றுங்கள்: மெனுவுக்குத் தேர்ந்தெடு, தேர்வுப்பெட்டிக்குக் குறியிடு, புலத்துக்கு உள்ளிடு. தொடுதிரையிலும் விசைப்பலகையிலும் செய்கிறவர்கள் இருப்பதால் "சொடுக்கு" என்பதைவிட "தேர்ந்தெடு" எங்கும் பொருந்தும். லேபிளின் கடைசியில் மென்பொருள் போட்டிருக்கும் மூன்று புள்ளி, "இன்னும் ஏதோ கேட்கப்போகிறேன்" என்பதற்கான அடையாளம். அதையும் முக்காற்புள்ளியையும் கையேட்டில் விட்டுவிடச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட்டின் கையேடு. விட்டுவிட்டால், முன்னே பார்த்த நட்சத்திரத் தொல்லையும் பாதி குறையும்.

இதற்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட படியில் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அந்த மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் வாய் திறக்காமல், அவரை அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். மவுஸ் எந்த லேபிளின்மேல் தயங்கி நிற்கிறதோ, அந்த வரியைத் திருத்துங்கள்.